சாவிக் கயிறு

காலையில் காவேரிப்பட்டணத்தில் வண்டி பஞ்சர். கடைப் பையன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தான்.

அவன் இடுப்பில் வண்டிச் சாவி ஒரு நீலக் கயிற்றில் தொங்கியது. கல்லூரி அடையாள அட்டையின் கயிறு. அட்டையைக் காணோம். கயிற்றில் கல்லூரிப் பெயர் பாதி அழிந்திருந்தது.

"பி.எஸ்சி. கணக்குண்ணா. ரெண்டு வருஷம் போனேன். அப்பாவுக்கு முடியலை, நின்னுட்டேன். அஞ்சு அரியர் வேற."

இவனைப் போன்றவர்களுக்காகத்தான், நாலு வருடப் பட்டப்படிப்பில் எந்த வருட முடிவிலும் வெளியேறலாம் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. ஒரு வருடத்தோடு நின்றால் சான்றிதழ், 2 முடித்தால் டிப்ளமோ, 3 முடித்தால் பட்டம், 4 என்றால் ஆனர்ஸ். தமிழ்நாடு அரசு இதை ஏற்கவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகமோ 2013இல் நாலு வருடப் படிப்பைக் கொண்டுவந்து, 2014இல் கைவிட்டு, 2022இல் மறுபடி தொடங்கியது. (நடுவில் மாட்டிய பிள்ளைகள் பாவம்.)

எனக்கும் பயம்தான். பாதியில் இறங்கப் படிக்கட்டு போட்டால் முதலில் இறங்குவது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்தான். ஓசூர் கம்பெனி பஸ் விடியும் முன்பே வந்து நிற்கிறது.

ஆனால் இவன் படிக்கட்டு இல்லாமலேயே இறங்கிவிட்டானே. ரெண்டு வருடத்துக்குக் கையில் மிஞ்சியது ஒரு கயிறு.

சரி என்று இதையெல்லாம் அவனிடமே சொன்னேன். பேட்சை அழுத்தி ஒட்டிக்கொண்டே கேட்டான்:

"அரியர் இருந்தாலும் அந்த டிப்ளமோ குடுப்பாங்களாண்ணா?"

எனக்குப் பதில் வரவில்லை. டியூபை மறுபடி தண்ணீரில் அமுக்கிப் பார்த்தான். குமிழி வரவில்லை.