துணிக் கை மேடம்

1966-இல் தொடங்கிய நம் கோவை மருத்துவக் கல்லூரிக்கு 60 ஆண்டுகள் நிறைவதையொட்டி மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த கடிதமும், உடற்கூறியல் மேடம் காலமான செய்தியும் ஒரே வாரத்தில் என்னை வந்தடைந்தன. வேறு எதைப் பற்றியும் எழுத மனம் வரவில்லை. துணிக் கை மேடம் என்றால் அவரை நம்மவர் எல்லாருக்கும் தெரியும்.

உடலைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் ஊறி இறுகிய சடலத்தின் கையை டிசெக்ஷன் மேசையில் பார்ப்பதற்கு முன்பே, அவர் துணியில் தைத்த கையை நம்மிடம் கொடுத்துவிடுவார். முன்கைத் தசைகள் திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் தைத்து மில் கழிவுப் பஞ்சு அடைத்தவை. மணிக்கட்டின் 8 எலும்புகள் துணி சுற்றிய மரமணிகள். அவற்றின்மேல் குறுக்கே ஒரு பட்டை எலாஸ்டிக். அந்த எலாஸ்டிக்கின் அடியில், தசையை எலும்போடு இணைக்கும் 9 தசைநாண்களும் மஞ்சள் நூலாலான மீடியன் நரம்பும் போகும். சுண்டுவிரலை உள்ளே நுழைக்க முயன்றவர் யாருக்கும், அங்கே வீக்கம் கண்டால் நரம்பு ஏன் நசுங்குகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விரல்களில்தான் அவருடைய உழைப்பு முழுவதும் இருந்தது. விரலை மடக்கும் இரண்டு நாண்களில் மேலே இருக்கும் சூப்பர்ஃபிஷியாலிஸுக்குத் தட்டையான நாடா; அது இரண்டாகப் பிரிந்து நடு விரலெலும்பின் இருபுறமும் ஒட்டும். அந்தப் பிளவின் வழியே, ஆழத்தில் இருக்கும் ப்ரொஃபண்டஸுக்கான கயிறு புகுந்து நுனி எலும்புவரை செல்லும். "கண்ண மூடிக்கிட்டு ஒண்ண மட்டும் இழுங்க கண்ணு, எந்த மூட்டு மடங்குதுன்னு சொல்லுங்க" என்பார். நாண்களை எலும்போடு பிடித்துவைக்கும் வளையங்களுக்கு அழுத்துபொத்தான் வைத்திருந்தார். பொத்தானைக் கழற்றிவிட்டு இழுத்தால் நாடா வில்லின் நாண்போல் விலகி நிற்கும். விரலோ பாதிதான் மடங்கும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது அவருடைய சாக்பீஸ் பாடம். துணி விரலை மடக்கிவைத்து, தோலிலும் உள்ளே நாணிலும் நேருக்குநேர் கோடு போடுவார். விரலை நீட்டினால் தோலில் உள்ள கோடு அங்கேயே நிற்க, நாணில் உள்ள கோடு நுனிப்பக்கம் நகர்ந்துவிடும். மடங்கிய விரலில் வெட்டு விழுந்தால், வெளிக்காயத்துக்கு நேரே நாணின் முனையைத் தேடக் கூடாது. ஒரு முனை நுனிப்பக்கம் இருக்கும், மற்றொன்றைத் தசை உள்ளங்கைக்கோ அதற்கும் மேலேயோ இழுத்துக்கொண்டிருக்கும். சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிப்பட்டறைகளிலிருந்து கேஷுவாலிட்டிக்கு வந்த கைகளை மனத்தில் வைத்தே மேடம் இதைக் கற்பித்தார். சிறிய காயம்தானே என்று தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட்டால், நுனி மடங்காத விரலோடு தறிக்காரர் நூல் முடிச்சுப் போட முடியாது என்பதை அவர் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொன்னார்.

நான் இங்கிலாந்து வந்து கை அறுவைச் சிகிச்சையிலேயே என் பணிக்காலத்தைக் கழித்தேன். இங்கே சிலிக்கோன் கைகள் உள்ளன, மிக நேர்த்தியானவை. ஆனாலும் மாணவர்களுக்கு இன்றும் நாடாவையும் கயிற்றையும் கொண்டே விளக்குகிறேன். என்னிடம் பயின்ற இளம் மருத்துவர்கள் சிலர் மேற்பயிற்சிக்காகக் கை அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற கோவை கங்கா மருத்துவமனைக்குச் சென்று வருகிறார்கள். அவர்கள் அங்கே பார்த்த கைகளைப் பற்றிப் பேசும்போது, மேடம் என்னைத் தயார்ப்படுத்தியது அந்தக் கைகளுக்காகத்தான் என்ற எண்ணம் வந்து நெடுநேரம் அகல்வதில்லை. ஊருக்கு வந்திருந்தபோது ஒருமுறை அவர், "அங்கயும் தறி ஓடுதுங்களா கண்ணு?" என்று கேட்டார். லங்காஷயர் ஆலைகள் மூடி வெகுகாலமாயிற்று என்றேன். "செரி, அங்கயும் கை இருக்குதல்லோ" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். அது இன்னும் என்னைத் தேற்றவில்லை.

துறையில் மிஞ்சியிருக்கும் துணிக் கைகள் நைந்துவிட்டதாக அறிகிறேன். நம் முன்னாள் மாணவர் சங்கம் அவற்றைத் திருப்பூரில் புதிதாகத் தைக்க ஏற்பாடு செய்தால், செலவை நான் ஏற்கிறேன். என் குறிப்பேட்டில் வரைந்துவைத்த அளவுகளையும் அனுப்புகிறேன். தைப்பவர்கள் அழுத்துபொத்தான்களை மட்டும் விட்டுவிட வேண்டாம். வளையத்தை நிலையாகத் தைத்துவிட்டால், அது அறுந்தால் என்ன ஆகும் என்பதை மாணவர்கள் இழுத்துப் பார்க்க முடியாது.