தூக்கிப் போட்டால்தான் பந்து நகரும்

கல்லூரி நாள்களில் எங்கள் கோச் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, தூக்கிப் போடு. ஃப்ளாட்டாத் தள்ளாதே." நான் கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்பின் போடுபவன். அதாவது விழுந்ததும் வலக்கை பேட்ஸ்மேனை நோக்கி உள்ளே திரும்பும் சுழல்பந்து. சிக்ஸர் போய்விடுமோ என்று பயந்து வேகமாகத் தள்ளிவிடுவேன். பேட்ஸ்மேனுக்கு ஆசை காட்டத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். அதில் இன்னொரு காரணமும் இருப்பது போன மாதம்தான் கண்ணில் பட்டது.

பழைய பந்து ஒன்றில் சீமுக்கு (நடுத் தையலுக்கு) ஒரு பக்கம் முழுக்க வெள்ளை பெயின்ட் அடித்து, மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். பௌலிங் பக்க ஸ்டம்புக்குப் பின்னால் மொபைலை நிறுத்தி ஸ்லோ மோஷனில் எடுத்தோம். நன்றாகச் சுழன்ற ஒரு பந்தில் வெள்ளைப் பக்கம் கடைசிவரை கேமராவையே பார்த்தபடி போனது. அதன் மேல் அந்தக் கோடு மட்டும் கடிகார முள் போல வலஞ்சுழியாகச் சுற்றியது. பந்து மேலே ஏறும்வரை கிட்டத்தட்ட நேராகப் போய், இறங்கும்போது இடப்பக்கம், ஸ்லிப்பை (ஆஃப் பக்கம் விக்கெட் கீப்பருக்கு அருகே நிற்கும் ஃபீல்டரை) நோக்கி நகர்ந்தது. பத்து முறையாவது திரும்பத் திரும்பப் பார்த்திருப்பேன்.

காரணம் இதுதான். பந்து போகும் திசையிலேயே சுழலும் அச்சும் இருந்தால், துளைபோடும் டிரில் போலக் காற்றுக்குள் போகும். சுழற்சியால் பக்கவாட்டில் தள்ளல் இருக்காது. ஆனால் சுழலும் பந்து, பம்பரம் போல, தன் அச்சை எளிதில் சாய்க்காது. பந்து கீழே இறங்கும்போதும் அச்சு படுத்த மாதிரியே இருக்கும். இப்போது காற்று கீழிருந்து சாய்வாக வந்து மோதும். பந்தின் இடப்பக்கம் மேல்நோக்கிச் சுழல்வதால் அங்கே காற்று கூடுதல் நேரம் ஒட்டிக்கொண்டு போய், வலப்பக்கமாக வீசி எறியப்படும். காற்று வலத்தே போனால் பந்து இடத்தே போக வேண்டியதுதான். இதைத்தான் மேக்னஸ் விளைவு என்கிறோம். சுழலும் டென்னிஸ் பந்து வளைவதை 1672-லேயே நியூட்டன் எழுதியிருக்கிறார்.

ஆகவே பந்து எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவு ட்ரிஃப்ட், அதாவது காற்றிலேயே பக்கவாட்டு நகர்வு. ஃப்ளாட்டாகத் தள்ளினால் இறங்கும் சாய்வும் குறைவு, காற்றில் இருக்கும் நேரமும் குறைவு. நானே என் பந்தின் பாதி பலத்தைப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன், அத்தனை வருஷமும்.

1993 ஜூன் 4, ஓல்ட் டிராஃபோர்டில் இங்கிலாந்து பேட்ஸ்மேன் மைக் கேட்டிங்குக்கு ஆஸ்திரேலிய ஸ்பின்னர் ஷேன் வார்ன் போட்ட பந்தை எல்லாரும் திரும்பிய விதத்துக்காகவே பேசுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது அதற்கு முந்திய கணம். அது லெக் ஸ்பின், அதாவது கால் பக்கத்திலிருந்து ஆஃப் பக்கம் திரும்பும் பந்து என்பதால் சுழற்சி எதிர்ப்பக்கம். பந்து கடைசி நேரத்தில் லெக் ஸ்டம்புக்கு வெளியே நழுவி விழுந்தது. கேட்டிங்கின் பேட் அந்தப் பக்கம் இழுபட்டது. அப்புறம்தான் பந்து திரும்பி ஆஃப் ஸ்டம்பைத் தொட்டது. அந்த நழுவல் இல்லாவிட்டால் அவ்வளவு இடைவெளி கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

வரும் ஞாயிறு மிடில் ஸ்டம்பைக் குறிவைத்துத் தூக்கிப் போடப் போகிறேன். காற்றிலேயே ஆஃப் பக்கம் போய் விழுந்து உள்ளே திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளைப் பந்து பையில் தயாராக இருக்கிறது.