ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கிய இரைச்சல், கடைசியில் அடங்கியது

பைக்கில் மாட்டிய பாட்டு சிஸ்டத்தில் நான்கு வார இறுதிகளைத் தின்ற இரைச்சல் நேற்று ராத்திரி ஒருவழியாக அடங்கியது. பாட்டை நிறுத்தி வைத்து, எஞ்சினை 5,000 ஆர்பிஎம் வரை முறுக்கி, ஃபேரிங் (வண்டியின் முன்பக்க உறை) ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்டேன். அந்த 'ங்ய்ய்ய்' துளிகூட இல்லை. இறங்கி வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து மறுபடி முறுக்கிப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஃபேரிங்கில் ஆறரை அங்குல ஸ்பீக்கர் இரண்டு, பக்கப் பெட்டி மூடிகளில் 6x9 இரண்டு, எல்லாமே 4 ஓம். முன்னால் ஒன்று, சீட்டுக்கு அடியில் ஒன்று என்று கிளாஸ் டி டூ-சேனல் ஆம்ப் (ஒலிபெருக்கிச் சுற்று) இரண்டு. ஹேண்டில்பாரில் புளூடூத் ரிசீவர், அதிலிருந்து இரண்டு ஆம்புக்கும் ஆர்சிஏ, அதாவது பாட்டு சிக்னல் போகும் வயர். பேட்டரியை ஒட்டியே 40 ஆம்பியர் மெயின் ஃபியூஸ், பிரிந்த பிறகு ஆம்புக்கு 20 வீதம். ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயருக்கு ரிலே. இதெல்லாம் ஒரே நாளில் முடிந்த வேலை.

சாவியை மட்டும் போட்டால் ஒலி சுத்தமாக இருக்கும். ஸ்டார்ட் செய்த உடனே இரைச்சல் வந்துவிடும். சார்ஜிங் லைனில் இருக்கும் ரிப்பிள் (வோல்டேஜின் ஏற்ற இறக்கம்) எங்கேயோ சிக்னலுக்குள் நுழைகிறது என்பது புரிந்தது, எங்கே என்பதுதான் பிடிபடவில்லை. ஆர்சிஏ வயர் பவர் வயரோடு சேர்ந்து ஓடுகிறதே என்று டேங்கைக் கழற்றி, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் மாற்றினேன். பயனில்லை. பவர் லைனில் ஃபில்டர் வைத்தேன். அதற்கும் அசையவில்லை.

அடுத்து எர்த், அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. முன் ஆம்புக்கு ஃபேரிங் பிராக்கெட் போல்ட்டில், பின் ஆம்புக்கு சீட் ஃபிரேம் போல்ட்டில், ரிசீவருக்கு ஹேண்டில்பார் கிளாம்பில் என்று மூன்று இடத்தில் எர்த் கொடுத்திருந்தேன். மூன்றிலும் பெயின்ட்டைச் சுரண்டித்தான் மாட்டினேன். மீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்த்தால் எல்லாம் 0.2, அதாவது மீட்டர் வயரின் தடைதான். அதை நம்பித்தான் இரண்டு வாரம் போனது. ஓம் ரேஞ்சில் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது, ஆம்ப் இழுக்கும் ஆம்பியர்களில் அந்த இணைப்பு என்ன செய்யும் என்பதை அதில் பார்க்கவே முடியாது. பார்க்க வேண்டியது வோல்ட் இறக்கம். டிசி வோல்ட் ரேஞ்சில் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை ஆம்பின் எர்த் டெர்மினலில், பேஸ் நிறைந்த பாட்டைச் சத்தமாக ஓட விட்டுப் பார்த்தேன். பின் ஆம்ப் 0.06. முன் ஆம்ப் 0.31 வோல்ட்! பிராக்கெட்டும் சேஸிஸும் சேரும் இடத்தில் பெயின்ட் அப்படியே இருக்கிறது. நான் சுரண்டியது என் போல்ட்டுக்கு அடியில் மட்டும்.

இரண்டு ஆம்புக்கும் 8 கேஜ் தடிமனில் நெகட்டிவ் வயரை நேராகப் பேட்டரிக்கே இழுத்தேன். 0.03-க்கு இறங்கியது. இரைச்சல் பாதியாகக் குறைந்தது, போகவில்லை.

வண்டியைத் திருப்பி நிறுத்தும்போதுதான் விஷயம் சிக்கியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஹேண்டில்பாரை இடது கோடிக்கு ஒடித்தால் இரைச்சல் தணிகிறது, நேராக்கினால் ஏறுகிறது. ரிசீவரின் எர்த் ஹேண்டில்பாரிலிருந்து சேஸிஸுக்குப் போக வேண்டுமானால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன்செட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கிரீஸில் ஊறிய எஃகு உருண்டைகள் வழியாக ஒரு எர்த்! ஹேண்டிலைத் திருப்பத் திருப்ப அந்தத் தடை மாறும். அது சரியில்லாதபோது ரிசீவரின் மின்னோட்டம் ஆர்சிஏ வயரின் ஷீல்டு (வெளிச்சுற்றுக் கம்பி வலை) வழியாக ஆம்புக்குப் போய்த் திரும்புகிறது. ஷீல்டில் விழும் வோல்டேஜ் அப்படியே பாட்டோடு கலந்து பெருக்கப்படுகிறது.

உறுதி செய்ய ரிசீவரை வண்டியிலிருந்து முழுக்கப் பிரித்து, தனியாக ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினேன். மயான அமைதி. அப்புறம் ரிசீவரின் எர்த்துக்குத் தனி வயர் இழுத்து முன் ஆம்பின் எர்த் டெர்மினலிலேயே சேர்த்தேன். ஹேண்டில் இரண்டு கோடிக்கும் போகும்படி அந்த இடத்தில் ஒரு சுற்றுத் தளர்வாக விட்டிருக்கிறேன். அவ்வளவுதான், முடிந்தது.

எர்த் வழியாக வரும் இரைச்சலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றை ஆர்சிஏ வயரின் நடுவில் போட்டால் ஐந்து நிமிட வேலை என்று நண்பர் சொன்னார். உள்ளே இருப்பது குட்டி டிரான்ஸ்ஃபார்மர், மலிவானவை பேஸைத் தின்றுவிடும். காரணம் எங்கே என்று தெரியாமல் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை.

வயர் வாங்கிய கதையையும் சொல்ல வேண்டும். முதலில் வந்த 8 கேஜ், சுத்தமான செம்பு என்று அச்சடித்தே வந்தது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை, செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் சுமார் 61 சதவீதம்தான். போதாததற்கு, அதிர்வில் லக்கின் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) கழுத்தில் இழை இழையாக ஒடியும். திருப்பி அனுப்பிவிட்டு, படகுகளுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வாங்கினேன். அது வெளியே வெள்ளி மாதிரி, சுரண்டினால் உள்ளே செம்பு. மழையில் பச்சை பிடிக்காது. லக் எல்லாம் அறுகோணமாக அழுத்திப் பிடித்த க்ரிம்ப், மேலே சூட்டில் சுருங்கும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். சால்டர் வைக்கவே இல்லை. சால்டர் இழைக்குள் ஏறி நிற்கும் எல்லையில் வயர் விறைத்துவிடும், பைக்கின் அதிர்வில் சரியாக அங்கேதான் முறியும்.

முன் ஆம்பின் கெயின், அதாவது சிக்னலை எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற அளவு, வைத்தாயிற்று. 4 ஓமில் 50 வாட் என்றால் 14.1 வோல்ட் ஏசி. ஸ்பீக்கரைக் கழற்றி, ஆம்பின் ஃபில்டரை அணைத்து, 200 ஹெர்ட்ஸ் டோனில் அளந்தேன். 400 ஹெர்ட்ஸுக்கு மேல் பல சாதாரண மீட்டர்களின் ஏசி அளவு சரியாக இருப்பதில்லை. முன்பக்கத்துக்கு, கீழ் ஒலியைக் குறைக்கும் ஹை பாஸ் ஃபில்டர் 100 ஹெர்ட்ஸ்.

பின்பக்கம் இன்னும் பாக்கி. இடது 6x9-இல் பிளஸ், மைனஸ் வயர் மாறி மாட்டியிருக்கிறதோ என்று சந்தேகம், இரண்டும் சேர்ந்து பாடினால் பேஸ் வற்றிப் போகிறது. 1.5 வோல்ட் செல்லைத் தொட்டு கூம்பு எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். பெட்டியைக் கழற்றும்போது வயரும் கழல்வதற்கு, தண்ணீர் புகாத இரண்டு பின் கனெக்டர் தேடிக்கொண்டிருக்கிறேன். அது கையில் வந்த பிறகுதான் பின் ஆம்பின் கெயினைத் தொடுவேன்.