குப்பைமேனியும் பூனையும்

காம்பவுண்ட் சுவர் ஓரம், தொட்டி இடுக்குன்னு எங்க பாத்தாலும் தானா முளைச்சு நிக்கும் இந்த குப்பைமேனி, ஆமணக்கு குடும்பம்தான், ஆனா பூ எங்கன்னு தேடணும். கதிரைக் கிட்டத்துல பாருங்க, ஓரமெல்லாம் பல்லு வச்ச பச்சைக் கிண்ணம் அடுக்கடுக்கா இருக்கும், அதுக்குள்ளதான் பெண்பூ, ஆண்பூ அதுக்கு மேல பொடிப்பொடியா. வேரோட பிடுங்கிப் போட்டா பூனை வந்து மோந்து பாத்து உருண்டு பண்ற அலப்பறை இருக்கே!

சொறி சிரங்குக்கு இலையோட மஞ்சளும் உப்பும் சேத்து அரைச்சுப் பூசி, காஞ்சதும் குளிக்கிறது ஊர்ல பழைய வழக்கம். சாறு குடுத்து குழந்தைய வாந்தி எடுக்க வச்சு சளிய வெளியேத்துவாங்க, அது மட்டும் எனக்கு சுத்தமா ஒப்பல, ஏன்னா ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவைக் காக்குற ஒரு நொதி பிறவியிலேயே கம்மியா இருக்கிறது) உள்ளவங்க இதைச் சாப்பிட்டு ரத்தச் சிவப்பணு உடைஞ்சு ஆஸ்பத்திரி போன கேஸெல்லாம் இருக்கு.