ஹார்த்ஸ்டோன்: ரெனோ வந்த புதிது

ஹார்த்ஸ்டோன் என்கிற ஆன்லைன் கார்டு விளையாட்டைப் பல வருஷமாக ஆடுகிறவர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு இடத்தில் வந்து நிற்கும். எந்தக் காலம் நல்ல காலம்? புதுக் கார்டுத் தொகுப்பு ஒவ்வொன்றும் ஒரு காலம்: ஒருத்தர் நாக்ஸ்ராமாஸ் என்பார், ஒருத்தர் உன்கோரோ என்பார், வெளிவருவதற்கு முந்திய பீட்டாவில் ஆடினேன் என்று ஆரம்பிக்கிறவரை நிறுத்தவே முடியாது. என் ஓட்டு நவம்பர் 2015-ல் லீக் ஆஃப் எக்ஸ்ப்ளோரர்ஸ் வந்ததிலிருந்து ஏப்ரல் 2016 கடைசியில் ஸ்டாண்டர்ட் முறை (புதிய தொகுப்புகளை மட்டும் வைத்து ஆடுவது) வரும் வரை இருந்த ஐந்தரை மாதத்துக்கு. அப்போது எல்லா டெக்கும் சமபலத்தில் இருந்தன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சீக்ரெட் பாலடின் என்ற டெக் வைத்திருந்தவன் கண்ணை மூடிக்கொண்டு லேடரில், அதாவது தரவரிசையில், ஏறிக்கொண்டிருந்தான். ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆடாதவர்களுக்காக ரெண்டு வரி. ஆளுக்கு ஒரு கிளாஸ் (வாரியர், ஹண்டர், பாலடின் மாதிரி), 30 கார்டு கொண்ட ஒரு டெக், 30 உயிர். கார்டை ஆட மானா என்ற சக்தி செலவாகும், முதல் டர்னில் ஒரு மானா, அடுத்ததில் ரெண்டு, இப்படிப் பத்து வரை ஏறும். ஒரே கார்டில் அதிகபட்சம் ரெண்டு காப்பி வைக்கலாம், லெஜண்டரி என்கிற அரிய கார்டு என்றால் ஒன்றுதான். எதிராளியோடு பேச முடியாது, ஆறு எமோட், அதாவது தயாராக இருக்கிற வாசகம், மட்டும். அதில் ‘மன்னிக்கவும்’ என்று ஒன்று இருந்தது. மன்னிப்புக் கேட்க அதை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை, நம்மைக் கடுப்பேற்றத்தான் போடுவார்கள். 2016-ல் அதை எடுத்துவிட்டு ‘வாவ்’ என்று வைத்தார்கள், அதையும் அதே வேலைக்குத்தான் பயன்படுத்தினார்கள்.

ஆட்டம் அதிகாரபூர்வமாக வெளிவந்தது மார்ச் 2014-ல். ஜூலையில் நாக்ஸ்ராமாஸ் வந்தது, வெறும் 30 கார்டுதான், ஆனால் ஆட்டமே தலைகீழாக மாறியது. அண்டர்டேக்கர் என்று ஒரு மானாவுக்கு ஒரு மினியன், அதாவது மேசையில் நின்று சண்டை போடுகிற ஆள். டெத்ராட்டில் (செத்ததும் நடக்கிற விளைவு) உள்ள மினியன் ஒன்றை நாம் இறக்கும்போதெல்லாம் அதற்குத் தாக்கும் பலமும் ஒன்று கூடும், உயிரும் ஒன்று கூடும். முதல் டர்னில் எதிராளி அதை இறக்கி, நம் கையில் அதைக் கொல்ல ஒன்றும் இல்லையென்றால் மூணாவது டர்னுக்குள் ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். ஜனவரி 2015-ல் நெர்ஃப் செய்தார்கள், அதாவது பலத்தைக் குறைத்தார்கள். அந்தக் காலத்தை நல்ல காலம் என்று சொல்கிறவர்கள் இந்த அண்டர்டேக்கரை எப்படி மறந்தார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

டிசம்பர் 2014-ல் காப்ளின்ஸ் வெர்சஸ் நோம்ஸ். டாக்டர் பூம் வந்தார். ஏழு மானாவுக்கு 7/7 (தாக்கும் பலம் ஏழு, உயிர் ஏழு), கூடவே ரெண்டு குட்டி வெடிகுண்டு ரோபோ, செத்தால் ஒன்றிலிருந்து நாலு வரை ஏதோ ஒரு அடி யாரோ ஒரு எதிரிக்கு. எந்த டெக்காக இருந்தாலும் சரி, ஏழாவது டர்னில் இவர்தான். பேக்கில் (பிரித்துப் பார்க்கிற கார்டுக் கட்டு) கிடைக்கவில்லையென்றால் 1600 டஸ்ட் போட்டுச் செய்துகொள்ள வேண்டும். ஒரு சாதாரண கார்டை உடைத்தால் 5 டஸ்ட், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பைலட்டட் ஷ்ரெடர், செத்ததும் உள்ளேயிருந்து ரெண்டு மானா மினியன் ஏதோ ஒன்று குதிக்கும். ஒருவேளை டூம்சேயர் குதித்தால் அடுத்த டர்ன் தொடக்கத்தில் மேசையில் இருக்கிற எல்லாமே காலி. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு, ஆடுகிறவனுக்கு வயிற்றெரிச்சல். இந்த மாதிரி அதிர்ஷ்டத்தில் எனக்கு உள்ள குறை, அது விழுந்த பிறகு எனக்கு வேலையே இல்லை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 2015-ல் பிளாக்ராக் மவுண்டன். இதோடு வந்த கிரிம் பேட்ரனைப் பற்றிப் பேசாமல் பழைய காலத்தைப் பற்றிப் பேசவே முடியாது. ஐந்து மானா, 3/3. அடி வாங்கியும் உயிரோடு இருந்தால் பக்கத்தில் இன்னொரு பேட்ரன் வந்து நிற்கும். வாரியரிடம் ஏற்கெனவே வார்சாங் கமாண்டர் இருந்தாள்: மூணு அல்லது அதற்குக் குறைந்த தாக்கும் பலத்தோடு இறங்குகிற நம் மினியன் எல்லாவற்றுக்கும் சார்ஜ், அதாவது வந்த டர்னிலேயே அடிக்கலாம். இனி பத்து மானா இருக்கிற டர்னைப் பாருங்கள். கமாண்டருக்கு மூணு, பேட்ரனுக்கு ஐந்து, மீதி ரெண்டு மானாவில் ரெண்டு வேர்ல்விண்ட், ஒவ்வொன்றும் மேசையில் உள்ள எல்லாருக்கும் ஒரு அடி. முதல் வேர்ல்விண்டில் ஒரு பேட்ரன் ரெண்டாகும், ரெண்டாவதில் ரெண்டு நாலாகும், நாலுக்கும் சார்ஜ். எதிரே சின்ன மினியன்கள் இருந்தால் இன்னும் மோசம், அவற்றில் மோதிப் பிழைக்கிற ஒவ்வொன்றும் இன்னொன்றைக் கூப்பிடும். ஃப்ரோத்திங் பெர்சர்க்கரும் கையில் இருந்தால் யார் அடி வாங்கினாலும் அதன் பலம் ஏறிக்கொண்டே போகும், இறங்கும்போது ரெண்டாக இருந்தது போய் இருபதைத் தாண்டி நேராக நம் முகத்தில் வந்து விழும்.

நன்றாக ஆடத் தெரிந்தவன் கையில் அந்த டெக் ஒரு அழகு. டர்ன் நேரம் முடியப்போகிறது என்று காட்டுகிற கயிறு எரிந்துகொண்டிருக்கும், அவன் எதை முதலில் மோதவிடுவது, எந்த இடத்தை காலியாக வைப்பது (மேசையில் ஏழு பேருக்குத்தான் இடம்) என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு? ஏழெட்டு டர்ன் ஒழுங்காக ஆடி, மேசையை நம் கைக்குள் வைத்திருந்து, ஒரே டர்னில் மண்ணைக் கவ்வ வேண்டும். அக்டோபர் 2015-ல் வார்சாங் கமாண்டரை மாற்றி எழுதினார்கள், சார்ஜ் உள்ள மினியன்களுக்கு ஒரு பலம் கூடும், அவ்வளவுதான். அந்த கார்டை அதற்குப் பிறகு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த இடத்துக்கு வந்தது சீக்ரெட் பாலடின். ஆகஸ்ட் 2015-ல் வந்த கிராண்ட் டோர்னமென்ட்டில் மிஸ்டீரியஸ் சாலஞ்சர் என்று முகமூடி போட்ட ஒரு ஆள், ஆறு மானாவுக்கு 6/6, டெக்கில் இருக்கிற சீக்ரெட்டில் (எதிராளிக்குத் தெரியாமல் மறைத்துவைக்கிற கார்டு) வகைக்கு ஒன்றாக எடுத்து ஒரே மூச்சில் மேசையில் போடுவான். ஆறில் இவன், ஏழில் டாக்டர் பூம், எட்டில் டிரியன் என்ற லெஜண்டரி. இந்த வரிசை கையில் வந்துவிட்டால் அவனும் யோசிக்க வேண்டாம், நாமும் யோசிக்க வேண்டாம். எனக்கு அந்த டெக்கின் மேல் இன்னும் கோபம் உண்டு, பேட்ரன் மேல்கூட அவ்வளவு இல்லை.

இந்த நிலைமையில்தான் லீக் ஆஃப் எக்ஸ்ப்ளோரர்ஸ் வந்தது. நாலு பகுதி, 45 கார்டு. ஒரு பகுதிக்கு 700 கோல்டு, ஆட்டத்துக்குள்ளேயே சேர்கிற காசு. அப்போது தினக் குவெஸ்டுக்குப் பெரும்பாலும் 40 கோல்டு, மூணு ஆட்டம் ஜெயித்தால் 10 கோல்டு என்று சேர்த்துவைத்த என்னை மாதிரி ஆளுக்கு அது லேசான தொகை இல்லை, ஆனால் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று தெரியும். பேக் உடைக்கிற சூதாட்டம் இல்லை. லெஜண்டரியும் அதில் அடக்கம். முதல் பகுதியில் கோவிலிலிருந்து தப்பிக்கிற ஒரு ஆட்டம் வரும், எதிரியைக் கொல்ல வேண்டியதே இல்லை, பத்து டர்ன் உயிரோடு இருந்தால் போதும். கார்டு விளையாட்டில் ஓடித் தப்பிக்கிறதையும் ஒரு ஆட்டமாக வைக்கலாம் என்று யாருக்கோ தோன்றியதே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

ரெனோ ஜாக்சன் அந்த முதல் பகுதியிலேயே வந்தார். ஆறு மானா, 4/6. உங்கள் டெக்கில் எந்த கார்டும் இரட்டையாக இல்லையென்றால் உங்கள் உயிர் முழுசாகத் திரும்பும். “நாம பணக்காரங்க ஆகப் போறோம்!” என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு குதிப்பார், ரெண்டு உயிரில் தொங்கிக்கொண்டிருந்தவன் 30-க்குப் போய்விடுவான். அதுவரை டெக் கட்டுவதென்றால் நல்ல கார்டு எல்லாவற்றிலும் ரெண்டு ரெண்டு என்பதுதான் பாடம். இவர் வந்து எல்லாவற்றையும் ஒன்று ஒன்றாக வைக்கச் சொன்னார். ஏழைகளின் டெக் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது, பாதிதான் உண்மை, ஒழுங்கான ரெனோ டெக்குக்கு லெஜண்டரி நாலைந்தாவது வேண்டும். ஆனாலும் ஒரே ஒரு காப்பி வைத்திருந்ததால் மூலையில் கிடந்த பல கார்டுகள் அப்போதுதான் என் கையில் ஆட்டத்துக்கு வந்தன.

அந்தக் காலத்தின் ருசி தெரிய வேண்டுமென்றால் ரெனோ வார்லாக்கின் ஐந்தாவது டர்னைச் சொல்ல வேண்டும். எதிரே ஹண்டர், டர்னுக்கு ரெண்டு ரெண்டாக முகத்திலேயே குத்திக்கொண்டிருக்கிறான். எனக்கு ஆறு உயிர். ரெனோ இன்னும் கைக்கு வரவில்லை. வார்லாக்கின் ஹீரோ பவர் ரெண்டு மானாவுக்கு ஒரு கார்டு எடுக்கும், விலை ரெண்டு உயிர். எடுத்தால் நாலில் நிற்பேன், அவன் கையில் கில் கமாண்ட் என்ற கார்டும் மேசையில் ஒரு மிருகமும் இருந்தால் ஐந்து அடி, கதை முடிந்தது. எடுக்காவிட்டால் ரெனோ வர ஒரு வாய்ப்பு குறைகிறது. உயிரைக் கூட்டுகிற கார்டைத் தேட உயிரையே செலவு செய்ய வேண்டும்! அதே நேரம் அந்தப் பக்கம் ஹண்டரும் சும்மா இல்லை. நான் எந்த கார்டையாவது ரெண்டாவது முறை போட்டேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான், போட்டிருந்தால் இது ரெனோ டெக் இல்லை, நிதானமாக மேசையைச் சுத்தம் செய்யலாம். போடவில்லையென்றால் ஆறாவது டர்னுக்குள் கொன்றாக வேண்டும். 30 கார்டில் ஒரே ஒரு கார்டு, அது வந்தாலும் வராவிட்டாலும் ரெண்டு பேர் ஆடுகிற ஆட்டத்தையும் அது மாற்றிவிட்டது. தோற்கிற ஆட்டத்தில்கூடக் கடைசி டர்ன் வரை யோசிக்க ஏதாவது இருந்தது, எனக்கு அது போதும்.

டிஸ்கவர் என்ற வசதியும் அப்போது வந்ததுதான். மூணு கார்டைக் காட்டும், ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இதுவும் அதிர்ஷ்டம்தான், ஆனால் ஷ்ரெடரிலிருந்து விழுகிற அதிர்ஷ்டம் வேறு, இது வேறு. சர் ஃபின்லியை ஒரு மானாவுக்கு இறக்கினால் ஹீரோ பவரையே மாற்றிக்கொள்ளலாம், மூணில் எது என்பது என் பொறுப்பு. தப்பாக எடுத்துத் தோற்றால் என்னைத்தான் திட்டிக்கொள்ள முடியும். பிறகு எலிஸ் இருந்தாள். முதலில் ஒரு வரைபடத்தை டெக்கில் கலப்பாள், அது கைக்கு வந்து அதை ஆடினால் தங்கக் குரங்கு ஒன்று டெக்கில் கலக்கும், அதுவும் கைக்கு வந்து ஆடினால் கையில், டெக்கில் மிச்சம் இருக்கிற எல்லாமே லெஜண்டரி மினியனாக மாறிவிடும். ஆட்டத்தை இழுத்தடிக்கிற ரெண்டு கன்ட்ரோல் வாரியர் டெக் மோதினால் அரைமணி நேரம் யார் குரங்கை முதலில் பிடிப்பது என்று போகும். வெட்டி வேலை என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஏப்ரல் 2016-ல் ஸ்டாண்டர்ட் வந்து நாக்ஸ்ராமாஸும் காப்ளின்ஸும் பழைய கார்டும் ஆடக்கூடிய வைல்டு முறைக்குப் போய்விட்டன. டாக்டர் பூமை வழியனுப்பியதில் எனக்கு வருத்தமே இல்லை. கூடவே வந்த ஓல்ட் காட்ஸ் காலமும் நல்ல காலம்தான், பேக் ஒன்று உடைத்தாலே க்தூன் என்ற கடவுள் இலவசம் என்று கொடுத்தார்கள், காசு போடாதவர்களும் பெரிய கடவுளை வைத்து ஆடினார்கள். யாக்-சரான் என்ற இன்னொரு கடவுளை வைத்துத்தான் சண்டை. அதுவரை நீங்கள் எத்தனை ஸ்பெல் (மந்திரக் கார்டு) போட்டீர்களோ அத்தனை ஸ்பெல் தானாக, யார் மேல் என்று இல்லாமல் போடும். தோற்றுக்கொண்டிருக்கிறவன் போட்டுவிட்டுக் கைகட்டி உட்காருவான். பெரிய போட்டிகளிலேயே அதை வைத்து ஜெயித்தார்கள், அக்டோபரில் நெர்ஃப். டிசம்பரில் பேட்ச்சஸ் என்ற கடற்கொள்ளையன் வந்து எல்லா டெக்கிலும் நுழைந்ததைப் பற்றி எழுதினால் இன்றைய தூக்கம் போய்விடும், விட்டுவிடுகிறேன். ஏப்ரல் 2017 உன்கோரோவில் ஒன்பது கிளாஸுக்கும் ஆளுக்கொரு குவெஸ்ட் கார்டு வந்தது, ரோக் குவெஸ்டைத் தவிர்த்தால் ஆட்டம் இவ்வளவு சமமாக எப்போதும் இருந்ததில்லை என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ரெனோவும் அந்த மாதம்தான் ஸ்டாண்டர்டை விட்டுப் போனார்.

இதெல்லாம் வயசு செய்கிற வேலை, அப்போது உங்களுக்கு நேரம் இருந்தது, அவ்வளவுதான் என்று ஒரு நண்பர் சொல்வார். பாதி ஒப்புக்கொள்கிறேன். மார்ச் 2021-ல் கிளாசிக் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள், ஜூன் 2014-ல் கார்டுகள் எப்படி இருந்தனவோ அப்படியே, நெர்ஃப் எல்லாம் கழற்றிவிட்டு. லீரோய் என்ற லெஜண்டரி மறுபடி நாலு மானா, ஹண்டரின் பஸர்டு என்ற மினியனும் மறுபடி பழைய பலத்தில். ஆசையாகப் போனேன். முதல் நாளே எதிரே வருகிறவன் ஒவ்வொருவனும் ஏழு வருஷம் கழித்து விடை தெரிந்த பரீட்சையை எழுதுகிறவன் மாதிரி ஆடினான். எந்த டெக் நல்லது என்பது எல்லாருக்கும் தெரியும், எந்த கார்டை எப்போது போடுவது என்பதும் தெரியும். 2014-ல் பாதிப் பேர் தத்தக்காபித்தக்கா என்று ஆடிக்கொண்டிருந்தோம், அந்தத் தடுமாற்றத்தை சர்வரில் ஏற்ற முடியாதே. 2023-ல் அதை எடுத்துவிட்டு ட்விஸ்ட் என்று வேறொன்றை வைத்தார்கள், தேடிப்போய் வருத்தப்பட்டவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

ரெண்டாவது ஓட்டு உண்டென்றால் டிசம்பர் 2017-ல் கோபால்ட்ஸ் தொகுப்போடு வந்த டன்ஜன் ரன்னுக்குப் போடுவேன். தனி ஆட்டம், இலவசம், பத்து கார்டோடு இறங்கி எட்டு பெரிய எதிரிகளைத் தாண்ட வேண்டும், ஒவ்வொருத்தரைத் தாண்டியதும் மூணு கட்டு கார்டு காட்டி ஒன்றை எடு என்பார்கள். லேடரில் ரேங்க் கிடைக்காது, கோல்டு கிடைக்காது, எல்லா கிளாஸிலும் முடித்தால் கார்டின் பின்பக்கத்துக்கு ஒரு டிசைன் கிடைக்கும். அதற்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், அவர்களும் இதைப் படிக்கிறார்கள்.

நவம்பர் 2019-ல், டெக்கே கட்டாமல் ஆடுகிற பேட்டில்கிரவுண்ட்ஸ் முறை வந்த பிறகு நான் டெக் கட்டுவதையே விட்டுவிட்டேன். அதனால் அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். டீமன் ஹண்டர் என்ற புது கிளாஸ் வந்த முதல் நாளைத் திட்ட வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், சீக்ரெட் பாலடினைத் திட்ட வேண்டுமென்றால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள்.