டாலிஸ் ஹில்லும் குக்கர் விசிலும்

லண்டனில் டாலிஸ் ஹில் பக்கம் வீடு பிடித்ததற்கு வாடகைதான் காரணம். இந்தியக் கடைகள் நிறைந்த வெம்ப்ளி கிட்டத்தில் இருப்பதால் கறிவேப்பிலைக்கும் பஞ்சமில்லை. சென்னையில் ஆறு வருடம் புரோகிராமராக இருந்த எனக்கு, முதல் குளிர்காலம் முழுக்கப் பையனைத் தள்ளுவண்டியில் வைத்து கிளாட்ஸ்டன் பார்க்கைச் சுற்றிவருவதே வேலை.

அங்கே மேட்டில் ஒரு பெரிய செங்கல் கட்டடம். இப்போது குடியிருப்பு, அந்தக் காலத்தில் தபால்துறையின் ஆராய்ச்சி நிலையம். டாமி ஃபிளவர்ஸ் என்ற பொறியாளர், போரில் எதிரியின் ரகசியச் செய்திகளை உடைக்க, 1943இல் கொலோசஸ் கணினியை உருவாக்கிய இடம். எனக்கு அவரைவிட நெருக்கமாகிவிட்டவர், 1951இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஸ்டெஃபனி ஷெர்லி.

ஜெர்மனியில் ஒரு யூத நீதிபதியின் மகள். 1939இல், ஐந்து வயதில், ஒன்பது வயது அக்காவோடு அகதிக் குழந்தைகளின் ரயிலில் இங்கே வந்திறங்கியவர். விசாவும் இட்லிப்பொடியுமாக விமானத்தில் வந்த நான்தான் ஊர் ஒட்டவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று கணிதப் பட்டம் வாங்கினார். 1962இல் ஆறு பவுண்டு போட்டு வீட்டிலேயே மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். கணினி வாங்கினால் மென்பொருள் சும்மா வரும் காலம் அது. அதைக் காசுக்கு விற்கிறாளாம் என்று சிரித்தார்கள். கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்ட பெண்களைச் சேர்த்து, வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதவைத்தார். காகிதமும் பென்சிலும் போதும். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான மென்பொருளும் அவர்கள் கைவேலைதான்.

தன் நிறுவனத்துக்கு வேலை கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வராதபோது, கணவர் சொன்ன யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட்டார். சந்திக்க அழைப்பு வந்தது! தொலைபேசியில் பேசும்போது குழந்தை அழுகை கேட்காமலிருக்க, டைப்ரைட்டர் சத்தத்தைப் பதிவுசெய்து பின்னால் ஓடவிடுவாராம். எனக்கு ஒரு போன் இன்டர்வியூவின் நடுவே குக்கர் மூன்று விசில் அடித்தது. அந்தப் பக்கம் ஒரு நிமிடம் மௌனம். அப்புறம் அந்த நிறுவனத்திலிருந்து பேச்சே இல்லை.

1975இல் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. பெண்களுக்கே முன்னுரிமை என்ற அவருடைய ஏற்பாடு அதனால் சட்டவிரோதமாகி, ஆண்களையும் சேர்க்கவேண்டியதாயிற்று. இதைச் சொன்னபோது என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். சரி, சிரிக்கட்டும் என்று பையனை அவர் மடியில் வைத்துவிட்டு, அடுத்த விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தேன்.