மோட்டார் ஆறும் நம்ம சானலும்

மே கடைசியில் கம்பெனி வேலையாகப் பத்து நாள் சியோல் போயிருந்தேன். திரும்பி வந்ததும் எல்லாரும் கேட்டது இரண்டே கேள்விதான், அங்கே என்ன சாப்பிட்டாய், எவ்வளவு செலவாச்சு. மாமா மட்டும் (அம்மாவின் அண்ணன், பாதி ஆயுசைக் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லுக்கும் தண்ணீர் பாய்ச்சியே கழித்தவர்) "அங்க ஆறு கீறு உண்டா டே?" என்றார். நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் பாசனச் சானல்கரையில் சாயங்காலம் நடந்துகொண்டிருந்தோம். பேச்சிப்பாறை அணையைத் திறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது, வழக்கம்போல ஜூன் முதல் தேதி. காய்ந்து கிடந்த மூன்று மாசக் குப்பையையும் வாரிக்கொண்டு அனந்தனார் சானலில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது.

"ஆறும் உண்டு, ஓடையும் உண்டு மாமா. ஓடையை ஒளிச்சு வச்சிருந்து திரும்ப வெளிய எடுத்திருக்கானுவ."

அந்த ஓடைக்குப் பெயர் சொங்யேசொன். மாமாவுக்கு வாயில் நுழையவில்லை, சங்கேசன் என்று வைத்துக்கொண்டார். சங்கேசன் சியோலின் நட்ட நடுவில் ஓடுகிற பழைய ஓடை. 1950-53 கொரியப் போருக்கு அப்புறம் பிழைக்க வந்தவர்கள் அதன் கரையில் குடிசை போட்டார்கள், ஊர்ச் சாக்கடை எல்லாம் அதிலேயே விழுந்து நாற ஆரம்பித்தது. நாற்றத்துக்கு அன்று கண்ட வைத்தியம் மூடிவிடுவது. 1958-ல் கான்கிரீட் போட்டு மூடி ரோடாக்க ஆரம்பித்தார்கள், அந்த ரோட்டுக்கு மேலே இன்னொரு ரோடாக மேம்பாலம் ஒன்றையும் 1976-க்குள் கட்டி முடித்தார்கள். பார்வதிபுரம் மேம்பாலத்தை 2018-ல் திறந்தபோது முதல் வாரமே பைக்கை எடுத்துக்கொண்டு மேலே ஓட்டிப் பார்த்தவன் நான். சியோல்காரர்களோ 2003-லேயே அவர்களுடைய மேம்பாலத்தை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2005 அக்டோபர் 1-ஆம் தேதி ஓடையைத் திறந்துவிட்டார்கள், 5.8 கிலோமீட்டர். செய்தவர் அப்போதைய மேயர் லீ மியுங்பாக், பிறகு அவரே நாட்டுக்கு ஜனாதிபதியாகவும் வந்தார். அங்கே கடை போட்டிருந்த நடைபாதை வியாபாரிகளைக் கிளப்பி வேறு இடத்துக்கு அனுப்பினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், சும்மா யாருக்கும் ஆறு கிடைத்துவிடாது.

முதல் தடவை நான் போனது பகலில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். ஓடை தொடங்குகிற இடத்தில் ஒரு சிற்பம் நிற்கிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் கூம்பு மாதிரி முறுக்கின சிப்பி விற்பார்களே, அதை 20 மீட்டர் உயரத்துக்கு நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் கீழே இறங்கி நாலடி வைத்ததும் ரோட்டுச் சத்தம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. பஸ் எல்லாம் தலைக்கு மேலே போகிறது, காதில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். பக்கத்துத் தெருக்களைவிட ஓடைக்கரையில் 3.3 முதல் 5.9 டிகிரி வரை வெயில் குறைவு என்று அளந்து பார்த்திருக்கிறார்களாம். எனக்கு அளக்கத் தெரியாது, சட்டை முதுகில் ஒட்டுவது நின்றது, அது தெரிந்தது.

ஆபீஸ்காரர்கள் வரிசையாகக் கரைக்கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தர், ஐம்பது வயசிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை. ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருட்டி ஷூவுக்குள் திணித்து, பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். போனைக்கூட எடுக்கவில்லை. எதிரே ஒரு வெள்ளைக் கொக்கு அவரை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் மீனுக்குக் காத்து நின்றது. நானும் ஷூவைக் கழற்றினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

கொஞ்ச தூரத்தில் குவாங்தொங்யோ என்று ஒரு கல்பாலம், 1410-ல் கட்டியது. தேஜோங் என்ற ராஜா தன் சிற்றன்னையின் சமாதியிலிருந்த கல்லைப் பெயர்த்துக்கொண்டுவந்து கட்டியிருக்கிறார், செதுக்கின கல் ஒன்று தலைகீழாகவே இருக்கிறது. ஊர்க்காரன் எல்லாம் அவள் சமாதியை மிதித்துக்கொண்டு போகட்டும் என்று அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கோபம். இதைச் சொன்னதும் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சொத்துத் தகராறா இருக்கும்" என்றார். உண்மையும் அதுதான், பட்டம் யாருக்கு என்கிற சண்டை.

ராத்திரி போனபோது அது வேறு ஓடை. தொடக்கத்தில் கலர் கலராக விளக்கு, செயற்கை அருவி, போட்டோ எடுக்கும் கூட்டம், நம்ம ஊர்த் திருவிழாப் பந்தல் மாதிரி. ஒரு மணி நேரம் கிழக்கே நடந்தால் கூட்டம் குறைந்து, நாணல் புதர் அதிகமாகி, வெளிச்சமும் மங்கலாகிறது. அங்கே இடித்த மேம்பாலத்தின் தூண் மூன்றை மட்டும் ஞாபகத்துக்கு விட்டு வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு நடுவில் எதையும் தாங்காமல் மொட்டையாக நிற்கிற அந்தத் தூண்களை அரைவெளிச்சத்தில் பார்த்தது எனக்கு அந்தச் சிப்பியைவிட ஆயிரம் மடங்கு பிடித்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு பாட்டி தனியாக, கையை வேகமாக வீசிக்கொண்டு நடைப்பயிற்சி போனார். பத்து மணி தாண்டியிருக்கும்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தண்ணி எந்த மலையிலேருந்து வருது?" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஓடையின் சொந்தத் தண்ணீர் போதாது. ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைத்து, மெட்ரோ சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரையும் சேர்த்து, ஒரு நாளைக்குச் சுமார் 1,20,000 டன் மேலே கொண்டுவந்து விடுகிறார்கள். சூழலியல்காரர்கள் அங்கேயே இதைத் திட்டியிருக்கிறார்கள்.

"மோட்டார் வச்சா விடுகானுவ? அப்ப அது ஆறு இல்லலே. தொட்டி."

சரிதான். ஆனால் மாமா அதைச் சொல்லி முடிக்கும்போது சானலில் ஒரு செவ்வந்தி மாலை, ரெண்டு தண்ணீர் பாட்டில், ஒரு குழந்தை டயப்பர், இந்த வரிசையில் எங்களைக் கடந்துபோனது. நம்மிடம் மலையிலிருந்து இறங்கிவருகிற அசல் தண்ணீர் இருக்கிறது, பேச்சிப்பாறை அணை 1906-லிருந்து நிற்கிறது, கரண்ட் பில்லே கிடையாது. ஆனால் சானலை ஒட்டின வீடுகளைப் பாருங்கள், வாசல் எல்லாம் ரோட்டைப் பார்த்து, சானல் பக்கம் பின்சுவரும் கழிவுக் குழாயும்தான். இதைக்கூட விடுங்கள், ஒழுகினசேரிப் பாலத்தில் எத்தனை வருஷமாகப் போய்வருகிறேன், கீழே ஓடுவது பழையாறு, சுசீந்திரம் போய் மணக்குடிக் காயலில் கலக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒப்பிப்பேன். அந்த இடத்தில் ஆற்றில் காலை நனைக்க எந்த வழியாக இறங்க வேண்டும் என்று கேட்டால் தெரியாது. சியோலில் வந்து ரெண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

இதைச் சொன்னேன். மாமா பதில் சொல்லவில்லை. வேளிமலைப் பக்கம் வெளிச்சம் போய் நன்றாக இருட்டிவிட்டது. கரையில் ஒரு விளக்கு கிடையாது, நான் பாம்புக்குப் பயந்து போன் டார்ச்சைப் போட்டேன். "அத அணை, கண்ணு கூசுது" என்றார். அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிட்டது, தண்ணீர் மட்டும் ஈயம் மாதிரி மங்கலாகத் தெரிந்தது. சத்தத்தைக் கொஞ்சம் கூர்ந்து கேட்டுவிட்டு மாமா, "கீழ ஷட்டர எறக்கிட்டானுவ, தண்ணி ஏறுது பாரு" என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. அப்புறம் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு, இடிந்து நாலு படி மட்டும் மிச்சமிருக்கிற ஒரு பழைய படித்துறையில் செருப்போடு இறங்கி, காலைத் தண்ணீரில் விட்டு ஆட்டினார். நான் அந்த டயப்பரை நினைத்துக்கொண்டு மேலேயே நின்றேன்.

வயல் பக்கமிருந்து தவளை ஒன்று ஆரம்பிக்க, பிறகு மொத்தமாகப் பிடித்துக்கொண்டன.

"அங்க ராத்திரி தவள கத்துமா டே?"

யோசித்துப் பார்த்தேன். விளக்கு ஞாபகம் இருக்கிறது, தூண் ஞாபகம் இருக்கிறது, அந்தப் பாட்டி கைவீசினதுகூட ஞாபகம் இருக்கிறது.

"கேட்ட மாதிரி இல்ல மாமா."

"ம்" என்றார், திருப்தியாக.